யாருடைய கதை இது? திரையில் ஜேன் அயர்

1943இல் ஹாலிவுட் எடுத்த 'ஜேன் அயர்' படம் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டித் தொடங்குகிறது. தாளில் அச்செழுத்துகள் தெரிகின்றன. கதாநாயகி ஜோன் ஃபான்டைனின் குரல் தன் பெயரையும் பிறந்த ஆண்டையும் சொல்லி அந்தப் பக்கத்தை வாசிக்கிறது. நாவலைப் படிக்காதவர்கள் இதுதான் ஷார்லட் பிராண்டியின் முதல் பத்தி என்று நம்பிவிடுவார்கள். நாவலில் அப்படி ஒரு பத்தியே கிடையாது. நாவல் பெயரும் ஊரும் சொல்லிக்கொண்டு வராது. உலாவக் கிளம்ப முடியாத ஒரு குளிர்கால மதியத்தில், ஜன்னல் திண்டில் திரைச்சீலைக்குப் பின்னால் படப்புத்தகத்தோடு பதுங்கியிருக்கும் பத்து வயதுச் சிறுமியிடம் நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடும். படத்தின் திரைக்கதையில் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் கை உண்டு. இல்லாத பக்கத்தை அவ்வளவு படித்த ஒருவரின் குழு அச்சடித்துக் காட்டியதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. 'நான்' என்று பேசும் ஒரு குரலைப் படமாக்க வழி தெரியாமல், புத்தகத்தையே காட்டிச் சமாளித்திருக்கிறார்கள்.

1847 அக்டோபரில் லண்டன் ஸ்மித் எல்டர் நிறுவனம் இந்த நாவலை வெளியிட்டபோது அட்டையில் பிராண்டியின் பெயர் இல்லை. 'கரர் பெல்' என்ற புனைபெயரும், இது ஒரு சுயசரிதை என்ற துணைத்தலைப்பும்தான் இருந்தன. 38 அத்தியாயங்களும் ஜேன் ஒருத்தியின் வாயிலிருந்து வருபவை. அடிக்கடி அவள் வாசகரை நேரே கூப்பிட்டுப் பேசுவாள். அவள் பார்க்காத எதையும் நாம் பார்ப்பதில்லை, அவளுக்குத் தெரியாத எதுவும் நமக்குத் தெரிவதில்லை. மாடியில் கேட்கும் சிரிப்பு யாருடையது என்று அவளைப் போலவே நாமும் விழிக்கிறோம்.

கேமரா வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போது பார்க்கப்படுகிறாள். மௌனப்பட காலத்திலிருந்து இன்றுவரை இந்த நாவலைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் எல்லோருக்கும் இதே சிக்கல்தான். ஒரு காட்சி விட்டுப்போனது, ஒரு வசனம் மாறிப்போனது என்று கணக்குப் பார்ப்பதை நான் பெரிதாக எண்ணுவதில்லை. கதை யாருடையது என்று ஒவ்வொரு படமும் எடுக்கும் முடிவே முக்கியம். பெரும்பாலானவை அதை ஜேனின் முதலாளியும் காதலனுமான ரோச்செஸ்டரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டன. அப்படிக் கொடுத்ததற்கான தடயம் காதல் காட்சிகளில் கிடைக்காது. படத்தில் எங்கே கத்தரி விழுந்திருக்கிறது என்று பார்த்தால் கிடைக்கும்.

முதலில் முகத்தை எடுத்துக்கொள்வோம். ஜேன் குள்ளம், மெலிவு, அழகில்லாதவள். தன்னைப் போலவே சிறுத்த, அழகற்ற ஒரு பெண்ணை நாயகியாக்கிக் காட்டுகிறேன் என்று பிராண்டி தன் தங்கைகளிடம் பந்தயம்போலச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அந்தக் காலத்து நாவலுக்கு இது துணிச்சல், சினிமாவுக்கோ கிட்டத்தட்ட சாத்தியமில்லாத காரியம். 1934இல் வந்த முதல் பேசும்படத்தில் வர்ஜீனியா புரூஸ் பொன்னிறக் கூந்தலும் அலங்கார உடையுமாக வந்தார், ஏழை ஆசிரியை என்று நம்பவே முடியாது. ஃபான்டைனுக்குக் கழுத்துவரை மூடிய சாதாரண உடை, இறுக்கி வாரிய தலை. ஆனாலும் மூக்கும் முழியுமாக இருக்கும் ஒரு முகத்தை எந்தத் துணி மறைக்கும்? 1970 படத்தில் சூசன்னா யார்க் முப்பதைத் தொட்டுவிட்டவர். நாவலில் ரோச்செஸ்டரின் தோர்ன்ஃபீல்ட் மாளிகைக்கு வேலைக்கு வரும்போது ஜேனுக்கு வயது 18.

அழகை மறைக்கப் பாடுபடுவதைவிட, அழகைப் பற்றி நாம் யோசிக்காமல் செய்துவிடுவது நல்ல வழி. இதைக் கண்டுபிடித்தவர் 2006இல் பிபிசி தொடரில் நடித்த ரூத் வில்சன். அவருடைய மேலுதடும் புருவமும் ஒரு நொடி முன்னால் வந்த எண்ணத்தை ஒரு நொடி பின்னால் காட்டிக்கொடுக்கும். பேசுவதற்கு முன்பே அவள் ஒன்றை நினைத்துவிட்டாள், அதை அடக்கிவிட்டாள், பிறகு வேறொன்றைச் சொல்கிறாள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. நாவலின் 'நான்' செய்யும் வேலையைப் பின்னணிக் குரல் எதுவுமில்லாமல் ஒரு முகம் செய்கிறது. 2011 படத்தின் மியா வசிகோவ்ஸ்கா வேறு ரகம். எதையும் காட்டிக்கொள்ளாத வெளிறிய முகம், அதில் கண் மட்டும் உஷார். படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 20 என்பதால் ஒரு சிறுபெண் தன்னைவிட இரு மடங்கு வயதான முதலாளிக்கு முன்னால் நிற்கும் சங்கடம் அந்தப் படத்தில்தான் உறைக்கிறது.

விருந்துக் காட்சி ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தாலே ஒரு படத்தின் தரத்தைச் சொல்லிவிடலாம். ரோச்செஸ்டரின் வீட்டுக்குப் பணக்கார விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். ஜேன் கட்டாயத்தின்பேரில் கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். பிளான்ச் இங்கிராம் என்ற சீமாட்டி, வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லும் கவர்னஸ் பெண்களைப் பற்றி இளக்காரமாக, இவள் காதில் விழட்டும் என்றே பேசுகிறாள். நாவலில் இந்தக் காட்சி முழுக்க மூலையிலிருந்து விரிகிறது. யார் என்ன உடுத்தியிருக்கிறார், யார் யாரோடு குழைகிறார் என்று ஜேன் எடைபோடுகிறாள். பேசப்படுபவள் அவள், ஆனால் தீர்ப்பு எழுதுபவளும் அவள்தான். இங்கே கேமரா கூடத்தின் நடுவில் போய் நின்று பிளான்சின் நகையையும் ரோச்செஸ்டரின் கம்பீரத்தையும் காட்டிவிட்டு, இடையில் ஜேனின் வாடிய முகத்தை வெட்டி ஒட்டினால் அவள் பரிதாபத்துக்குரியவளாகிவிடுவாள். மூலையிலேயே அவளோடு உட்கார்ந்துகொண்டால் விருந்தாளிகள் கேலிக்குரியவர்களாகிவிடுவார்கள். 2006உம் 2011உம் பெருமளவு மூலையில்தான் உட்காருகின்றன.

ரோச்செஸ்டர் பக்கம் வருவோம். 1943 படத்தில் அந்த வேடம் ஆர்சன் வெல்ஸுக்கு. நாற்பதை நெருங்கும் முரட்டு நிலக்கிழாராக நடித்த அவருக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. மூடுபனி, பறக்கும் மேலங்கி, இடிக்குரல், பெர்னார்ட் ஹெர்மனின் இசை எல்லாம் சேர்ந்து படத்தை அவர் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டன. ஃபான்டைன் பாதி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இதே ஃபான்டைன் 1940இல் 'ரெபெக்கா' படத்திலும் ஒரு பெரிய மாளிகையில் மிரண்டு நின்றவர். டாஃப்னே டு மோரியரின் அந்த நாவல் ஜேன் அயரின் பேத்தி மாதிரி என்பதால் ஹாலிவுட்டுக்கு இரண்டு கதைக்கும் ஒரே நாயகி போதும் என்று தோன்றியிருக்கிறது. ஆனால் ரெபெக்காவின் நாயகி மிரள்பவள், ஜேன் எதிர்த்துப் பேசுபவள். இந்த வித்தியாசம் காணாமல் போனால் மிஞ்சுவது ஒரு பேய் பங்களாப் படம்தான்.

1983 பிபிசி தொடரை நாவலின் ரசிகர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அரைமணி அளவில் 11 பகுதிகள். வசனம் பெரும்பாலும் நாவலிலிருந்தே. ரோச்செஸ்டர் குறிசொல்லும் நாடோடிக் கிழவியாக வேஷம் போட்டுவந்து ஜேனின் மனத்தைத் துருவிப் பார்க்கும் காட்சியைப் பல படங்கள் வெட்கப்பட்டு விட்டுவிடும். இதில் டிமதி டால்டன் முக்காட்டைப் போட்டுக்கொண்டு துணிந்து நடித்திருக்கிறார். நான்கு வருடம் கழித்து ஜேம்ஸ் பாண்டாக வரப்போகிற ஆளைப் பார்த்து ஜேன் "நீங்கள் அழகில்லை" என்னும்போது சிரிப்பு வருவதைத் தவிர்க்க முடியாது. ஸ்டுடியோ வீடியோவில் எடுத்த அறைகள் இன்று நாடக செட் மாதிரி இருக்கின்றன. ஆனாலும் அந்த இருவரும் வாய்க்கு வாய் மோதிக்கொள்ளும் பேச்சு முழுதாகக் கிடைப்பது இங்கேதான். ஜேன் அயர் பேச்சால் வளரும் காதல். அந்தப் பேச்சை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கும்போது பார்வையும் தொடுகையும் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. 2011 படம் இதை நன்றாகச் செய்கிறது. தன் படுக்கையில் பற்றிய தீயை ஜேன் அணைத்த பிறகு ரோச்செஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறார். மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டும். இரண்டு முகமும் விரற்கடைத் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. அவள் குளிருகிறது என்று சொல்லி விடுவித்துக்கொள்கிறாள். நாவலின் மூன்று அத்தியாயப் பேச்சுக்கு ஈடாக அந்த ஒரு நிமிடத்தை வைத்திருக்கிறார் இயக்குநர் கேரி ஃபுகுனாகா.

1996இல் ஃபிராங்கோ செஃபிரெல்லி எடுத்ததில் ஷார்லட் கெய்ன்ஸ்பூரின் ஜேன் கச்சிதம், வில்லியம் ஹர்ட்டின் ரோச்செஸ்டர் சோகை. 1997 தொலைக்காட்சிப் படத்தில் சியரன் ஹைண்ட்ஸ் கத்துகிறார். இரண்டையும் இத்தோடு விடலாம்.

மாடியில் அடைபட்டிருக்கும் ரோச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தாவை அப்படி விட்டுவிட முடியாது. ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனில் பிறந்தவள். அவளோடு வந்த சீர் முப்பதாயிரம் பவுண்டு. நாவலில் அவள் நம் காதுபட ஒரு வார்த்தை பேசுவதில்லை. சிரிப்பாள், உறுமுவாள், நாலு காலில் ஓடுவாள். அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கணவன் சொன்னதுதான். தன் குரலுக்காக இவ்வளவு போராடும் ஒரு நாவல் இன்னொருத்தியின் வாயைப் பூட்டிவைத்திருக்கிறது. டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரைஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' எழுதி அந்தப் பூட்டை உடைத்தார். சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் குபாரும் 1979இல் தங்கள் விமர்சன நூலுக்கே பெர்த்தாவை வைத்துத் தலைப்பிட்டார்கள். 1985இல் காயத்ரி ஸ்பிவக், ஜேன் என்ற தனிமனுஷி உருவாவதற்குப் பெர்த்தா பலியாக வேண்டியிருந்ததன் பின்னால் ஏகாதிபத்தியம் இருப்பதைச் சுட்டினார்.

ஆனால் கரீபியன் தீவுக்கு முதலில் போனது ஒரு மலிவான பேய்ப் படம் என்பது வேடிக்கை. வெல்ஸ் படம் வந்த அதே 1943இல் ஆர்கேஓ நிறுவனத்துக்காக வால் லூட்டன் தயாரித்து ஜாக் டர்னூர் இயக்கிய 'ஐ வாக்ட் வித் எ ஸாம்பி' வந்தது. தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கனடாவிலிருந்து ஒரு நர்ஸ், மேற்கிந்தியத் தீவொன்றில் தோட்ட முதலாளியின் சுயநினைவற்ற மனைவியைப் பார்த்துக்கொள்ள வருகிறாள், முதலாளியிடமே மனம் போகிறது. ஜேன் அயரின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. அடிமைகளை ஏற்றிவந்த கப்பலின் முகப்புச் சிலை முதலாளி வீட்டு முற்றத்தில் நிற்கிறது. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, இந்த வீட்டின் சாபம் என்ன என்ற கேள்வியை ரைஸுக்கு 23 ஆண்டுகள் முன்பே அந்தச் சிலை கேட்டுவிட்டது. அதே வருடத்து வெல்ஸ் படமோ பெர்த்தாவின் முகத்தைக்கூடக் காட்டாமல் தப்பித்துக்கொண்டது. 2006க்குப் பிறகு வந்தவை அவளை மிருகமாகக் காட்டக் கூசுகின்றன. பழைய அழகின் சாயலோடு ஒரு பெண்ணைக் காட்டுகின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் அவளை மனுஷியாகக் காட்டிய உடனே அவளைப் பூட்டிவைத்தவரைக் காதல் நாயகனாகக் காண்பது கடினமாகிவிடுகிறது. இந்த முடிச்சை எந்தப் படமும் இன்னும் அவிழ்க்கவில்லை.

தமிழில் இந்தக் கதை 'சாந்தி நிலையம்' என்ற பெயரில் 1969இல் வந்தது. ஜி.எஸ். மணி இயக்கம், ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நாயகன் நாயகி. வண்ண ஒளிப்பதிவுக்காக மார்கஸ் பார்ட்லிக்குத் தேசிய விருது கிடைத்தது. இதற்கு முன்பே 1952இல் திலீப்குமாரும் மதுபாலாவும் நடித்த 'சங்தில்' இந்தியில் இதே நாவலைத் தழுவியிருந்தது. இந்தி நாயகனும் நாயகியும் சிறுவயதுத் தோழர்கள். முன்பின் தெரியாத முதலாளியிடம் வேலைக்காரப் பெண் மனத்தைப் பறிகொடுப்பது என்ற கூர்முனையை அப்படி மழுக்கிவிட்டார்கள். தமிழில் அந்த முனை ஓரளவு தப்பியது. ஆனால் அடங்காத குழந்தைகள் ஒரு கூட்டம் சேர்ந்துகொண்டதில், வாத்தியாரம்மா பாட்டுப்பாடி அவர்களை வழிக்குக் கொண்டுவரும் கதை பாதியிடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜேன் எதிர்த்துப் பேச வேண்டிய நேரமெல்லாம் பாட்டுக்குப் போய்விட்டது.

இந்த மண்ணுக்கு மாற்றும்போது பாட்டைவிடப் பெரிய சிக்கல் சட்டம். கதையின் அச்சாணி, முதல் மனைவி உயிரோடிருக்கும்போது செய்துகொள்ளும் கல்யாணம் செல்லாது என்பது. அதனால்தான் தேவாலயத்தில் தாலி கட்டாத குறையாக நிற்கும்போது வக்கீல் எழுந்து தடுக்கிறார். இங்கிலாந்தில் அன்று விவாகரத்துக்கு நாடாளுமன்றமே தனிச்சட்டம் போட வேண்டும். துணையின் பைத்தியம் விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கப்பட்டது 1937இல்தான். ரோச்செஸ்டருக்கு வழியே இல்லை. சென்னை மாகாணத்திலோ 1949 சட்டம் வரும்வரை இந்து ஆண் இரண்டாந்தாரம் கட்ட எந்தத் தடையும் கிடையாது. அந்தக் காலத்தில் வைத்து இக்கதையைச் சொல்லியிருந்தால் "மூத்தாள் இருந்தால் என்ன, இவள் இளையாளாக இருந்துவிட்டுப் போகட்டும்" என்று பந்தலிலேயே பெரியவர்கள் முடித்துவைத்திருப்பார்கள். 1955 இந்துத் திருமணச் சட்டம் நாடு முழுக்க அந்த வாசலை அடைத்தது. கூடவே வேறொரு வாசலைத் திறந்தது: குணமாகாத மனநோய் மூன்று வருடம் தொடர்ந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்று அன்று இருந்தது. ஆக 1969இன் நாயகன் ஒரு நல்ல வக்கீலைப் பார்த்திருந்தால் போதும். இங்கிலாந்துக் கதையில் சட்டம் தாங்கிய பாரத்தை இங்கே கடமையும் இரக்கமும் ஊரார் வாயும்தான் தாங்கியாக வேண்டும். ரோச்செஸ்டர் நல்லவரா கெட்டவரா என்று நாவல் நம்மை அலைக்கழிப்பது இதனால் காணாமல் போகிறது. ஜெமினி கணேசன் தியாகியாகிவிட்டார். தியாகியை விட்டு ஓடிப்போக ஒரு பெண்ணுக்குக் காரணம் ஏது?

கல்யாணம் நின்றபின் ஜேன் ஓடிப்போகிறாள் அல்லவா, அந்த ஓட்டத்துக்குப் பின்னால் நாவலில் 11 அத்தியாயங்கள் இருக்கின்றன. தோர்ன்ஃபீல்டில் கழிவது 11 முதல் 27 வரையான அத்தியாயங்கள், அதாவது பாதிக்கும் குறைவு. அவற்றைப் படமாகவும் மற்றவற்றைச் சவலைப் பிள்ளையாகவும் நடத்துவதுதான் வழக்கம். கைக்காசில்லாமல் பட்டினியோடு பொட்டல்வெளியில் சுற்றி, ரிவர்ஸ் குடும்பத்து வாசலில் விழுகிறாள். அங்கே சென்ட் ஜான் ரிவர்ஸ் என்ற இளம் பாதிரியார். அழகன், ஒழுக்கசீலன், பனிக்கட்டி. இந்தியாவுக்கு மிஷனரியாகப் போகப்போகிறவர், அதற்காக ஜேனை ஹிந்துஸ்தானி படிக்கவைக்கிறார். கல்யாணம் செய்துகொண்டு கூட வா, ஊழியத்துக்கு நீ பொருத்தமானவள் என்கிறார். காதல் மருந்துக்குக்கூட இல்லை. கூட வருகிறேன், தங்கையாக வருகிறேன், மனைவியாக வரமாட்டேன் என்கிறாள் ஜேன். அவரும் விடுவதாக இல்லை. கடவுளின் பெயரால் நெருக்கி நெருக்கி அவள் கிட்டத்தட்ட ஒப்புக்கொள்ளும் நேரத்தில்தான் ரோச்செஸ்டரின் குரல் காற்றில் கேட்கிறது.

ரோச்செஸ்டர் கல்யாணமில்லாத காதலைக் கொடுத்தார், வேண்டாம் என்றாள். சென்ட் ஜான் காதலில்லாத கல்யாணத்தைக் கொடுக்கிறார், அதையும் வேண்டாம் என்கிறாள். இடையில் மடெய்ராவிலிருந்த சித்தப்பாவின் சொத்து இருபதாயிரம் பவுண்டு வருகிறது, ரிவர்ஸ் உடன்பிறந்தார் மூவரோடும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கிறாள். இத்தனைக்கும் பிறகு அவள் திரும்பிப் போகும்போது போவது வேறு ஜேன். சம்பளத்துக்கு வந்தவள் இப்போது சொந்தக் காசில் வருகிறாள். விட்டுப்போகவும் தெரிந்தவள், திரும்பி வருவதும் அவள் முடிவு. சென்ட் ஜானை வெட்டிவிட்டால் ஓடிப்போனாள், மனம் கேட்கவில்லை, திரும்பிவந்தாள் என்ற கதைதான் மிச்சம். 1943 படம் சென்ட் ஜானையே நீக்கிவிட்டு, ரிவர்ஸ் என்ற பெயரை ஜேன் சிறுவயதில் படித்த லோவுட் பள்ளிக்கூடத்து டாக்டருக்கு ஒட்டிவிட்டது. செஃபிரெல்லி படத்தில் அவள் கிளம்பிய கையோடு மாளிகை தீப்பிடிக்கிறது, யோசிக்கக்கூட அவகாசமில்லை. கதை ரோச்செஸ்டருடையதாக மாறுவது இந்த வெட்டில்தான், வெல்ஸின் மேலங்கியில் அல்ல.

2011 படத்துக்கு மோய்ரா பஃபினி எழுதிய திரைக்கதை இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனம் காட்டியது. படம் தொடங்குவதே ஜேன் மாளிகையைவிட்டு ஓடுவதில். ரிவர்ஸ் வீட்டு வாசலில் விழுகிறாள், அங்கிருந்துகொண்டு பழசை நினைக்கிறாள். சிறுவயதும் லோவுடும் ரோச்செஸ்டரும் நினைவாக வந்து போகிறார்கள், ஜேமி பெல்லின் சென்ட் ஜான் நிகழ்காலமாக இருக்கிறார். வால்போல ஒட்டிக்கொண்டிருந்த பகுதி முதுகெலும்பாகிவிட்டது. நினைப்பவள் ஜேன் என்பதால் கதையும் அவளிடம் திரும்பிவந்துவிட்டது. ரிவர்ஸ் குடும்பம் அவளுக்கு அத்தை மக்கள் என்று நாவலில் வரும் நம்பமுடியாத தற்செயலையும் பஃபினி நைசாக விட்டுவிட்டார். நாவலைவிடப் படம் தேவலை என்று நான் சொல்லத் துணியும் ஒரே இடம் இதுதான். இதற்குக் கொடுத்த விலை, லோவுட் பள்ளியும் அங்கே ஜேனின் தோழியான ஹெலன் பர்ன்ஸும் கண் இமைப்பதற்குள் போய்விடுவது. கோவன் பிரிட்ஜ் பள்ளியில் நோய்ப்பட்டு 1825இல் செத்துப்போன தன் அக்காமார் இருவரின் நினைவில் பிராண்டி எழுதிய பகுதி அது. இந்த விஷயத்தில் 1943 படம் மேல். பெயர்கூடப் போடாமல் ஹெலனாக வரும் சிறுமி எலிசபெத் டெய்லர் மழையில் தண்டனை அனுபவிக்கும் காட்சி மறக்காது.

2006, 2011 இரண்டில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் 2006ஐச் சொல்வேன். நான்கு பகுதிகள் என்பதால் பேச்சுக்கும் இடமிருக்கிறது, பார்வைக்கும் இடமிருக்கிறது. டெர்பிஷைரில் இருக்கும் ஹாடன் ஹால்தான் 1996, 2006, 2011 மூன்றிலும் தோர்ன்ஃபீல்டாக நிற்கிறது. ஒரே கல்லும் ஒரே படிக்கட்டும் மூன்று கதையாக மாறுவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தனி ருசி.

இன்னும் யாரும் தொடத் துணியாதது முடிவு. ஜேனும் ரோச்செஸ்டரும் சேர்ந்ததைச் சொல்லிவிட்டு நாவல் நின்றுவிடுவதில்லை. அதன் கடைசிப் பத்திகள் இந்தியாவில் உழைத்துத் தேய்ந்து சாவை எதிர்பார்த்திருக்கும் சென்ட் ஜானைப் பற்றியவை, கடைசிச் சொற்களும் அவருடையவையே. கட்டிக்கொள்ள மறுத்த மனிதரை ஒரு காதல் நாவலின் இறுதி வரியில் உட்கார வைத்திருக்கிறார் பிராண்டி. 1943 படம் பின்னணிக் குரலில் பிள்ளை பிறந்ததைச் சொல்லி முடிகிறது. 2006 தொடர் குடும்பமாக நின்று ஓவியத்துக்குப் போஸ் கொடுப்பதில் முடிகிறது, 2011 அதற்கும் முன்பாக மரத்தடியில் கை பட்டதுமே நிறுத்திக்கொள்கிறது. காதலர் சேர்ந்த பிறகு கேமராவைக் கல்கத்தா பக்கம் திருப்பச் சொன்னால் எந்தத் தயாரிப்பாளர் சம்மதிப்பார் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பெர்த்தாவின் ஜமைக்காவையும் சித்தப்பாவின் மடெய்ராவையும் சென்ட் ஜானின் இந்தியாவையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர விரும்பும் இயக்குநருக்கு அதைவிட நல்ல இடம் நாவலில் இல்லை.